கைநாட்டும் புத்தகச் சந்தையும்

புத்தகக் கண்காட்சியைத் திறந்துவைக்க வருகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு நூலகம் திறந்தால் ஒரு சிறைச்சாலை மூடப்படுமாம். விக்டர் ஹ்யூகோ சொன்னதாக ஒருவர் சொல்லுவார். விவேகானந்தர் சொன்னதாக இன்னொருவர் சொல்லுவார். மூன்றாமவர் 'ஓர் அறிஞர்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். யார் சொல்லியிருந்தாலும் சரி, கூட்டம் கை தட்டும். மேடையில் போலீஸ் அதிகாரி யாராவது உட்கார்ந்திருந்தால் கைதட்டல் இன்னும் கொஞ்சம் பலமாகவே விழும்.

நாவல் எழுதுகிற எனக்கு இதைக் கேட்டுச் சந்தோஷம் ஏற்படவேண்டும். என் தொழிலுக்கு இலவசமாகக் கிடைக்கிற சிபாரிசு அல்லவா? ஆனால் எனக்கு ஏற்படுவது சங்கடம்தான். புத்தகத்துக்கு ஊரில் ஓர் இடம் வேண்டுமென்றால், அது ஒரு கான்ஸ்டேபிளின் வேலையைப் பாதியாவது செய்து காட்டவேண்டும் என்று ஆகிவிடுகிறது. பத்து நாள் கண்காட்சி நடந்த ஊரில் அந்த மாதம் திருட்டு இரண்டு கூடிவிட்டால் என்ன செய்வதாம்? புத்தகத்தின் மேல் நடவடிக்கை எடுப்பார்களா?

அதோடு, அந்த வாக்கியம் உண்மையா என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? எழுதப் படிக்கத் தெரியாதவனால் கள்ளக் கையெழுத்துப் போட முடியாது. பத்திரத்தைத் திருத்த முடியாது. இரட்டைக் கணக்கு எழுத முடியாது. ஒரு வங்கியையே விழுங்கிவிட்டுக் கப்பலேறிப் போகிறவன் நிச்சயமாகக் கல்லூரியில் படித்தவனாகத்தான் இருப்பான். எழுத்தறிவு வந்தால் குற்றத்தின் தினுசு மாறும் என்று வேண்டுமானால் சொல்லலாம். குற்றம் ஒழிந்துவிடும் என்று சொல்ல மனத்துணிவு வேண்டும்.

இந்த விஷயத்தை மேடைப் பேச்சாளர்களைவிட நன்றாக அறிந்தவர் ஒரு நாவலாசிரியர். டாஸ்டாயெவ்ஸ்கி. அவர் சிறைக்குப் போனதே வாசித்த குற்றத்துக்காக. பெலின்ஸ்கி என்ற விமர்சகர் கோகோலுக்கு எழுதிய, தடை செய்யப்பட்டிருந்த ஒரு கடிதத்தை நண்பர்கள் கூட்டத்தில் உரக்கப் படித்தார் என்பது 1849-ல் அவர் மேல் சுமத்தப்பட்ட முக்கியமான குற்றங்களில் ஒன்று. (நம் ஊரிலும் 1928-ல் பாரதியின் பாட்டுப் புத்தகங்களைச் சர்க்கார் பறிமுதல் செய்தது. புத்தகம் குற்றத்தைத் தடுக்கும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. புத்தகமே குற்றமாக இருந்தது.) மரண தண்டனை கடைசி நிமிஷத்தில் மாற்றப்பட்டு, ஸைபீரியாவில் ஓம்ஸ்க் சிறையில் நாலு வருஷம் கடின உழைப்பு அனுபவித்தார். அதை வைத்து அவர் எழுதிய நாவலை 'இறந்தவர் வீடு' என்று தமிழில் சொல்லலாம்.

அந்த நாவலின் ஆரம்பத்திலேயே ஒரு கணக்கு வருகிறது. சிறையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்காவது எழுதப் படிக்கத் தெரியும் என்கிறார் கதை சொல்லுகிறவர். வெளியே ருஷ்ய ஜனங்களில் எந்தக் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும் இவ்வளவு பேருக்குத் தெரியாது. இதை வைத்துக்கொண்டு, கல்விதான் ஜனங்களைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டியவர்களும் அந்தக் காலத்தில் உண்டு. அது பிசகு என்று அவர் சொல்லிவிடுகிறார். ஆனால் கல்வி ஜனங்களைத் திருத்திவிடும் என்கிற எதிர்ப் பிசகிலும் அவர் விழவில்லை. அங்கேதான் அவர் கலைஞர்.

அதே நாவலில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் பெட்ரோவ். படிக்கத் தெரிந்தவன், நெப்போலியனைப் பற்றியெல்லாம் ஆவலாக விசாரிப்பான். கதை சொல்லுகிறவரிடம் அவனுக்கு உண்மையான பிரியம் உண்டு. ஒரு நாள் அவர் தம் பைபிளை அவனிடம் கொடுத்து, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார். சில அடி தூரம்தான். அதற்குள் ஆள் பிடித்து அதை விற்றுக் குடித்துவிடுகிறான். சாயங்காலம் அவனே வந்து அதைச் சொல்லியும் விடுகிறான், வெட்கமோ வருத்தமோ இல்லாமல். இன்னொருவன் அலெய் என்ற இளைஞன், தாகெஸ்தான் பக்கத்துத் தார்த்தாரியன். அவனுக்கு ருஷ்ய பாஷை படிக்க ஆசை. புதிய ஏற்பாட்டை வைத்துக்கொண்டு சில வாரங்களில் படிக்கக் கற்றுக்கொள்கிறான். விடுதலையாகிப் போகும்போது, நீங்கள் என்னை மனிதனாக்கினீர்கள் என்று அழுகிறான்.

வேதப் புத்தகம் ஒன்றுதான். ஒருவன் கையில் அது சாராயமாயிற்று. ஒருவன் கையில் வேறு என்னவோ ஆயிற்று. நூலகத்தையும் சிறைச்சாலையையும் தராசின் இரண்டு தட்டுகளில் வைக்கிறவர்கள் பெட்ரோவை எங்கே வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

வாசிப்புக்கும் தண்டனைக்கும் சட்டமே முடிச்சுப் போட்டதும் உண்டு. இங்கிலாந்தில் பாதிரிமாருக்கென்று ஏற்பட்ட ஒரு சலுகை, நாளடைவில் படிக்கத் தெரிந்த எவனுக்கும் உரியதாயிற்று. கோர்ட்டில் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வசனத்தைப் படித்துக் காட்டினால் தூக்குத் தண்டனையிலிருந்து தப்பலாம். நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598-ல் ஒரு நடிகரைச் சண்டையில் கொன்றுவிட்டு இப்படித்தான் தப்பினார். கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். அவர் லத்தீன் மேதை. ஆனால் ஓர் எழுத்தும் தெரியாதவர்கள், வழக்கமாகக் கேட்கிற அந்த ஒரு வசனத்தை உருப்போட்டுக்கொண்டு வந்து ஒப்பித்துக் கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டதும் உண்டு. 1827-ல்தான் அந்தச் சலுகையை ஒழித்தார்கள்.

2012-ல் பிரேஸில் தேசம் கிட்டத்தட்ட இதையே நல்லெண்ணத்தோடு செய்தது. அங்கே மத்திய அரசின் சிறைகளில் கைதி ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் நாலு நாள் தண்டனை குறையும். வருஷத்துக்குப் பன்னிரண்டு புத்தகம், நாற்பத்தெட்டு நாள். விமர்சனம் எழுதினால் விடுதலை! நம் ஊர்ப் பத்திரிகை மதிப்புரைகள் சிலவற்றைப் படிக்கும்போது, இதை எழுதியதற்காக நாலு நாள் உள்ளே வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது உண்டு. அது போகட்டும். திட்டம் நல்ல திட்டம்தான். புத்தகம் அவனைத் திருத்திவிடும் என்று சத்தியம் பண்ணாமல், படித்ததற்குக் கூலி என்று கணக்காகக் கொடுக்கிறது பாருங்கள், அந்த நாணயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் புத்தகத்துக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். படிக்காதவன் திருடிவிடுவான் என்ற பயத்தில், அவன் கையில் புத்தகத்தைக் கொடுக்கச் சொல்கிறோம். படிக்காதவனிடமிருந்து எவ்வளவு திருடப்படுகிறது என்று பார்க்கிறதில்லை.

எழுதாத ஸ்டாம்பு ஒட்டிய காகிதத்தில் கட்டைவிரலை உருட்டி வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு தொகையை எழுதிக்கொள்கிற கதை நம் கிராமங்களில் பழங்கதை. செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் முன்பணம் வாங்கிய குடும்பம், எவ்வளவு கழிந்தது எவ்வளவு பாக்கி என்பதை முதலாளியின் நோட்டுப் புத்தகம் சொல்லித்தான் அறிந்துகொள்ளும். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது. சட்டத்தையும் படிக்கத் தெரியவேண்டும். நோட்டையும் படிக்கத் தெரியவேண்டும்.

இந்தக் கட்டைவிரலின் சரித்திரமே விசித்திரமானது. வங்காளத்தில் ஹெர்ஷல் என்கிற வெள்ளைக்கார அதிகாரி 1858-ல், சாலைக்குச் சரளை போட ஒப்புக்கொண்ட ஒரு காண்டிராக்டரின் முழுக் கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் மேல் பதித்துக்கொண்டார். பிற்பாடு சொன்ன சொல் மாறக்கூடாதே என்று மிரட்டி வைக்கத்தான். அதிலிருந்து கிளைத்து வளர்ந்த ரேகை சாஸ்திரத்துக்கு, 1897-ல் கல்கத்தாவில் போலீஸ் இலாகாவிலேயே தனி ஆபீஸ் ஏற்பட்டது. ஒப்பந்தத்தில் ஆளைக் கட்டிப்போட ஆரம்பித்த மை, திருடனைப் பிடிக்கிற மையாயிற்று.

சிறைக் கணக்கைப் பார்த்தாலும் இதே சங்கதிதான். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 76 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் ருசுவாகாதவர்கள். மொத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு எழுத்தறிவே இல்லை. படிக்காததால்தான் இவர்கள் குற்றம் செய்தார்கள் என்று மேடையில் சொல்லலாம். என் மீது என்ன எழுதியிருக்கிறது, ஜாமீன் மனுவில் என்ன கேட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரியாததால் வெளியே வர முடியாமல் கிடக்கிறவர்கள் இவர்களில் எத்தனை பேர் என்றும் கேட்கலாம். எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

இந்தக் கண்ணோடு புத்தகச் சந்தைக்குள் நுழைந்து பார்க்கவேண்டும். சென்னையில் 1977-ல் மவுண்ட் ரோடுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் சிறிய அளவில் ஆரம்பித்த கண்காட்சி, இன்று பொங்கலை ஒட்டிய பெரிய திருவிழாவாகிவிட்டது. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் நடத்திற்று. ஈரோட்டில் 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தி வருகிறது. 2022-லிருந்து எல்லா மாவட்டங்களிலும் நடத்த அரசாங்கமே ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். நான் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் தலைமுறையில் ஜில்லாத் தலைநகரில் ஒரு நல்ல நாவல் வாங்க வேண்டுமென்றால் பாடநூல் கடைக்காரரிடம் சொல்லிவைத்து மாதக் கணக்கில் காத்திருக்கவேண்டும். இன்று பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த சில்லறையைக் கொண்டுவந்து கொட்டி எண்ணிப் புத்தகம் வாங்குகிறார்கள். அந்தச் சத்தத்தை வேண்டாம் என்று சொல்ல எந்த எழுத்தாளனுக்கும் மனம் வராது.

ஆனால் யாருக்கு விற்கிறோம்? பொன்னியின் செல்வன் வைத்திருக்காத கடை இல்லை. போட்டிப் பரீட்சைக் கைடுகள், சமையல், ஜோதிடம், பணக்காரனாவது எப்படி. எல்லாம் ஏற்கனவே படிக்கத் தெரிந்தவர்களுக்கு. மாலையில் பந்தல் நிறைகிறதே, அது பேச்சுக் கேட்க வந்த கூட்டம். பேச்சு முடிந்ததும் நேரே பஜ்ஜிக் கடைக்குப் போகிறது. இதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. பஜ்ஜி நன்றாகவே இருக்கிறது.

தெற்கத்தி மாவட்டம் ஒன்றில் காலை வேளையில் கடைகள் திறந்துகொண்டிருந்தபோது போயிருந்தேன். பந்தலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், ஒரு கடை முன்னால் நின்று அட்டைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைப் பையன் நல்ல பிள்ளை.

"எடுத்துப் பாருங்கம்மா. பார்க்கறதுக்குக் காசு கிடையாது."

"வேண்டாந்தம்பி, கை ஈரமா இருக்கு."

"படிக்கத் தெரியுமாம்மா?"

"பேரு எழுதுவேன். அறிவொளில கத்துக்கிட்டது. அதுக்கு மேல ஓடல."

கூட இருந்தவள் சிரித்தாள். "அதான் குழு லோனுக்குக் கையெழுத்துப் போட்டியேக்கா, அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"அத யாரு பார்த்தா? பத்திருபது எடத்துல போடச் சொன்னாங்க. போட்டேன்."

இதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கைநாட்டு வைக்கிறவனுக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டவேண்டும், படிக்கக் கேட்டுச் சம்மதித்தான் என்று எழுதவேண்டும், சாட்சி போடவேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒப்புக்குச் செய்தாலும் அது ஒரு வேலி. பேரெழுதத் தெரிந்தவளுக்கு அந்த வேலியும் இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறாளே, படிக்காமலா போட்டாள் என்று கேட்பார்கள். பாதி எழுத்தறிவு முழு அறியாமையைவிடச் சில சமயம் ஆபத்தானது.

அறிவொளி இயக்கத்தார் இதை உணர்ந்திருந்தார்கள். புதுக்கோட்டையில் 1991-ல் இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்தில்தான் அங்கே பெண்கள் குழுக்கள் கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தவும் செய்தார்கள். குத்தகைக்கு எடுத்தவளுக்கு நோட்டுப் புத்தகம் தன் கையில். புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கென்று பெரிய எழுத்தில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களும் போட்டார்கள். ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை 'இருளும் ஒளியும்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். இலக்கியத் தரத்தைப் பற்றி ஓயாமல் சண்டை போடுகிற நாம் எல்லாரும் படிக்கவேண்டிய புத்தகம் அது. படிப்பு என்பது நமக்கு ரசனை. அதில் வருகிற ஜனங்களுக்கு அது பஸ் போர்டு.

இயக்கம் ஓய்ந்தது. எழுத்து வந்தவர்கள் பலருக்கு, பழக்கம் இல்லாமல் எழுத்து மறந்தும் போயிற்று. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். அந்த எண்பதுக்குள் பந்தல் பெருக்குகிற அம்மாளும் அடக்கமாகவே இருப்பாள் என்று நினைக்கிறேன்.

கடன் பத்திரம் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் போதாதா, கதை எதற்கு என்று கேட்கலாம். இங்கே என் தொழிலுக்காகக் கொஞ்சம் வாதாட எனக்கு உரிமை உண்டு. கடன் பத்திரத்தை யாரும் ஆசையாகப் படிக்கமாட்டார்கள். ஆசையாகப் படித்துப் பழகாதவனுக்கு அவசியமான நாலு பக்கத்தையும் படிக்கப் பொறுமை வராது. கதை அந்தப் பொறுமையைத் தருகிறது. அதைவிட முக்கியமாக இன்னொன்றையும் தருகிறது. நல்ல நாவலைப் படித்துப் பழகியவன், சொல்லுகிறவன் ஏன் இப்படிச் சொல்லுகிறான், எதை மறைக்கிறான் என்று கேட்கக் கற்றுக்கொள்கிறான். பாத்திரம் பேசுவதெல்லாம் உண்மையில்லை என்று அவனுக்குத் தெரியும். இந்தச் சந்தேகம் கடன் கொடுக்க வருகிறவரின் இனிமையான பேச்சுக்கும் பயன்படும். ஒழுக்கத்தைப் போதிக்கிற புத்தகம் இதைத் தராது. அது நம்பு என்று சொல்லுகிறது. நாவல் கவனி என்று சொல்லுகிறது.

2023 ஜனவரியில் சென்னைக் கண்காட்சியில் சிறைத்துறையே 'கூண்டுக்குள் வானம்' என்று பெயர் வைத்து ஒரு கடை போட்டு, கைதிகளுக்காக ஜனங்களிடம் புத்தக தானம் கேட்டது. தலைப்பு நன்றாக இருக்கிறது. காரியம் அதைவிட நன்றாக இருக்கிறது. இப்படிக் கேட்கிறபோது நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை. பரண்மேல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற பழைய கைடுகளும், நமக்கே அலுத்துப்போன நீதி போதனைகளும் தானத்துக்கு முதலில் கைக்கு வருகின்றன. சிறையில் இருப்பவனுக்குத்தானே என்று நினைத்துக்கொள்கிறோம். நாம் இரண்டாந்தரம் எடுத்துப் படிக்க நினைக்கிற புத்தகமே அவனுக்கும் வேண்டும். கூடவே, ஜாமீன் என்றால் என்ன, இலவச சட்ட உதவிக்கு யாரிடம் எழுதவேண்டும் என்று பெரிய எழுத்தில் சொல்லுகிற நாற்பது பக்கப் புத்தகம் ஒன்றும் வேண்டும்.

அப்படி ஒரு வரிசை கொண்டுவரக் கூடாதா என்று ஒரு பதிப்பாள நண்பரைக் கேட்டேன். பெரிய எழுத்து, நாற்பது பக்கம், ஒரு டீயும் வடையும் ஆகிற விலை. கடன் பத்திரத்தைப் பற்றி ஒன்று, ஜாமீனைப் பற்றி ஒன்று, நல்ல கதைகள் பத்து. அவர் சாமர்த்தியமான வியாபாரி, நல்ல மனுஷரும்கூட.

"வாங்கறவங்க இங்க வரமாட்டாங்க சார். வர்றவங்க வாங்கமாட்டாங்க" என்றார்.

அவர் சொல்வது சரி. பந்தல் போட்டு உட்கார்ந்துகொண்டு வா என்றால் அவர்கள் வரமாட்டார்கள்தான். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி கிராமம் கிராமமாக அனுப்பினார். மாவட்டந்தோறும் பத்து நாள் பந்தல் போடுகிற செலவில் ஒரு பங்கை ஒதுக்கினால், சந்தை முடிந்த மறுநாள் ஒரு வேன் புறப்படலாம். முதலில் சூளைக்குப் போகலாம். சம்பள நாளாகப் பார்த்துப் போனால் நல்லது. நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிற நாள் அதுதான்.